விடாத கயிறு

மலையடிவாரம், கிர்கிஸ்தான்
4 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சுகுமாறன் எழுதுவது. என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். ஊருக்கு வந்தபோது கிரில் கதவைக்கூடத் திறக்கவில்லை. அதனால் இதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து, தம்போயில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ரோலண்டுக்கு அனுப்புகிறேன். அவன் அச்செடுத்து உன் கையில் தருவான். நீ பதில் எழுதினாலும் அதே வழியில் எனக்கு வந்துவிடும்.

இங்கே பனி உருகத் தொடங்கிவிட்டது. மலைச்சரிவுகள் மெல்லக் கண் விழிக்கின்றன. இந்த மலைகளின் மௌனம் ஒரு மனிதனை அவனுக்கே அடையாளம் காட்டும் அக்கா. செல்லப்பன் அத்தான் இந்த மௌனத்தோடு கலந்துவிட்டார் என்றே நான் நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் வந்தால் அத்தான் ஆற்றோடு போய் ஒரு வருஷம். அவரை அடக்கம் செய்த மேய்ச்சல்காரர்கள் வருஷ விருந்து வைக்க வேண்டும் என்கிறார்கள். இவர்களின் பழைய வழக்கம் ஒன்று உண்டு. இறந்தவர் ஏறிவந்த குதிரையின் வாலைக் கத்தரித்துவிடுவார்கள். வருஷம் முடியும்வரை அதன்மேல் யாரும் ஏறக் கூடாது. வருஷ விருந்துக்கு அதையே அறுப்பார்கள். குதிரை எர்மேக் என்ற பெரியவருடையது. எங்கிருந்தோ வந்த ஒருவருக்காக அவர் தன் குதிரையைக் கொடுப்பது சாதாரண மரியாதை இல்லை. ஆனால் என்னிடம் ஒன்று கேட்டார்: “அவனுக்கு மனைவி உண்டல்லவா, அவள் என்ன சொல்கிறாள்?” உன் சொல் வராமல் கத்தியைத் தொட மாட்டாராம்.

நீயும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இந்த ஊரோடு சாலை முடிகிறது. அத்தான் இருக்கும் இடத்துக்கு இங்கிருந்து இரண்டு நாள், குதிரையில்தான் போக முடியும். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சுகு


தம்போய்
ஜோகூர் பாரு, மலேசியா
11 மே 2025

சுகுமாறனுக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. இருந்தால்தானே போடுவதற்கு.

ரோலண்ட் மழையில் வந்து உன் கடிதத்தைக் கிரில் வழியாக நீட்டினான். “அக்கா, ஒரு தடவ படிச்சுப் பாருங்கலா. அப்புறம் கிழிச்சுப் போட்டாலும் போடுங்க” என்றான். கிழிக்கவில்லை. பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, அதில்தான் இதை எழுதுகிறேன். உனக்காகப் புதுத் தாள் வாங்க மாட்டேன்.

மௌனமாம். கலந்துவிட்டாராம். நான் ஆறாம் வகுப்போடு நின்று பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கப் போனவள். எனக்கு இந்தத் தமிழ் எல்லாம் புரியாது என்று நினைத்து எழுதினாயா, இல்லை புரியக் கூடாது என்று எழுதினாயா? அங்கே பேச ஆள் இல்லை, அதனால் சத்தம் இல்லை. அதற்குப் பெயர் மௌனம். என் வீட்டிலும்தான் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு மலைக்குக் கூட்டிப்போகிறாயே, அந்த உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டு.

உன் ஆட்களைப் பற்றியும் சொல்கிறேன். அவர்களுக்கு வீட்டில் மெத்தை இருக்கிறது, ஏர்கோன் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மலைக்குப் போய்க் குளிரில் நடுங்கி, சாணி மூட்டிச் சமைத்ததைத் தின்று, குதிரை முதுகில் பின்புறம் தேய்ந்து, “என்னை நான் கண்டுபிடித்துவிட்டேன்” என்று பேஸ்புக்கில் போடுகிறார்கள். தொலைத்தது எங்கேயாம்? ஜோகூர் பாருவில் தேடினால் கிடைக்காதா?

உன் அத்தான் எதையும் கண்டுபிடிக்கப் போகவில்லை. தெப்ராவ் குதிரையேற்றக் கிளப்பில் முப்பது வருஷம் குதிரைக்குப் புல் போட்டார், குளிப்பாட்டினார், கயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் நடந்தார். மேலே உட்கார்ந்தது பணக்கார வீட்டுப் பிள்ளைகள். வேலைக்காரன் ஏறக் கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம். நீ வந்து ஆசை காட்டினாய். “குதிரைகளைப் பாத்துக்க ஆள் வேணும், உங்களுக்கும் ஒரு குதிரை உண்டு அத்தான்” என்றாய். மனுஷன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

“புஷ்பா, ஒரே ஒரு தடவ மேல ஏறிப் பாத்துட்டு வந்துர்றேன்லா. முப்பது வருஷமா கீழயே நின்னுட்டேன்.”

“விழுந்து வச்சா?”

“விழுந்தா குதிரை சிரிக்கும். நீ இல்லாத எடத்துல விழறதுதான் நமக்கு நல்லது.”

அப்படித்தான் போனார். நீ திருப்பிக் கொண்டுவந்தது ஒரு பை. அதையும் நான் வாங்கவில்லை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. நம் வழக்கப்படி எரிக்காமல் யாரோ தோண்டின குழியில் படுக்க வைத்துவிட்டு, “வேற வழி இல்லக்கா” என்று கதவுக்கு வெளியே நின்று அழுதாய். கருமாதிக்கு வைக்க ஒழுங்கான போட்டோகூட இல்லை. கிளப்பில் குதிரை பக்கத்தில் நின்று எடுத்தது ஒன்றுதான் கிடைத்தது. கடைக்காரன் குதிரையை வெட்டிவிட்டுக் கொடுத்தான், ஆனால் ஒரு காது மட்டும் அவர் தோளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காதை மாலை போட்டு மறைத்தோம். வந்தவர்கள் எல்லாம் மாலை ஏன் ஒரு பக்கமாகக் கிடக்கிறது என்று சரி செய்யப் போனார்கள்.

என் சொல் வேண்டுமாம். சொல்கிறேன். அறுக்கட்டும். என் புருஷனைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கரை ஏறின ஜந்துவுக்கு நான் ஏன் பாவம் பார்க்க வேண்டும்? நன்றாக வேக வைக்கச் சொல்.

நான் வர மாட்டேன். நாற்பத்தெட்டு வயசு. தொழிற்சாலைக் கேன்டீனில் நின்று நின்று இரண்டு முட்டியும் போய்விட்டது. நான் ஏறினால் அந்தக் குதிரைக்குத்தான் திவசம் கொடுக்க வேண்டியிருக்கும்.

செல்லப்பன் மனைவி
புஷ்பவள்ளி


மலையடிவாரம்
20 மே 2025

அக்கா,

நீ திட்டினாலும் பரவாயில்லை, எழுதினாயே. அதுவே போதும்.

உன் சம்மதத்தை எர்மேக்கிடம் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஆகஸ்ட் கடைசியில் இந்த ஊரிலேயே விருந்து என்று முடிவாகிவிட்டது. அத்தானை மதிக்கிற சில நண்பர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அத்தான் முதன்முதலாக ஏறிய காலையைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைக்கிறேன். தன் குதிரையைத் தானே தேய்த்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, அதன் நெற்றியில் விபூதி வைத்தார். பிறகு ஏறாமல் பக்கத்திலேயே நின்றார். “என்ன அத்தான், பயமா?” என்றேன். “இல்லடா, யாருகிட்டயாச்சும் கேக்கணுமோன்னு நிக்கிறேன்” என்றார். ஏறின பிறகு அவரை இறக்க முடியவில்லை. கணவாய் தாண்டி மரமே இல்லாத பெரிய புல்வெளி வரும். நாங்கள் எல்லோரும் களைத்து இறங்கிவிட்டோம். அவர் மட்டும் அந்த வெளியில் வட்டம் வட்டமாகப் போய்க்கொண்டிருந்தார். விண்ணும் மண்ணும் அவரை வாழ்த்தியதுபோல் இருந்தது.

அவருடைய பை இன்னும் ரோலண்டிடம்தான் இருக்கிறது. தயவுசெய்து வாங்கிக்கொள் அக்கா.

சுகு


தம்போய்
2 ஜூன் 2025

சுகுமாறனுக்கு,

விண்ணும் மண்ணும் வாழ்த்தியதாம். வாழ்த்திவிட்டு என்ன செய்தது?

பையை வாங்கப் போனேன். ஒர்க்‌ஷாப்பில் ரோலண்ட் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தான். அவன் மனைவி ஐலீன்தான் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “அக்கா, நீங்களும் ஆகஸ்டுல போறீங்கதானே, போஸ்டர் பாத்தீங்களா?” என்று போனை நீட்டினாள். நான் விழிப்பதைப் பார்த்ததும், “அலமாக், ஒங்களுக்குத் தெரியும்னுல நெனச்சேன்” என்று போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் கொடுக்கவில்லை. “இங்கிலீஷ் எனக்கு வராது, என்ன போட்டிருக்குன்னு படி” என்றேன். பாவம், அவள் சாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டே படித்தாள்.

“மறைந்த எங்கள் வழிகாட்டியின் நினைவாக ஒரு புனிதப் பயணம். பழங்குடிக் குதிரை விருந்தை நேரில் காணுங்கள். இடங்கள் குறைவு.”

வழிகாட்டியா? உயிரோடு இருந்தபோது அவர் உனக்குச் சாமான் தூக்குகிற ஆள். செத்ததும் பதவி உயர்வு கொடுத்துவிட்டாயா? “சில நண்பர்கள்” என்று எனக்கு எழுதினாயே, இவர்கள்தானா? என் வீட்டு இழவுக்கு நீ டிக்கெட் போட்டு விற்கிறாய். இடங்கள் குறைவாம். எனக்கு ஒன்று எடுத்து வைத்திருந்தாயா, இல்லை நானும் வரிசையில் நிற்க வேண்டுமா? கறுப்பு உடுப்பில் ஒரு பொம்பளை அழுதால் வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்றுதானே வரச்சொன்னாய்?

அந்தப் போஸ்டரில் அவர் குதிரைமேல் உட்கார்ந்து சிரிக்கிறார். பல் எல்லாம் தெரிய, கண் மூடிப்போய், சின்னப் பிள்ளை மாதிரி. இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என் புருஷனுடைய சிரிப்பை நான் உன் விளம்பரத்தில் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்கு மேல் உன்னைத் திட்ட எனக்குத் தமிழில் வார்த்தை இல்லை. மலாயிலும் தேடினேன், அதிலும் பத்தவில்லை.

பையைப் பிரித்தேன். ஜாக்கெட். விபூதிப் பொட்டலம். நான் கொடுத்தனுப்பிய மத்தி டின் ஒன்று, திறக்காமல். அதற்கு அடியில் கயிறு.

நீலக் கயிறு, கிளப் கயிறு. “அங்க என்ன கயிறு வச்சிருப்பானுங்களோ, எதுக்கும் நம்ம கயிறு ஒண்ணு இருக்கட்டும்” என்று அவரேதான் எடுத்துப்போனார். அதில் பாதிதான் இருக்கிறது. முனை பிய்ந்துபோனது இல்லை, கத்தி வைத்து அறுத்தது. கிளப் கயிறு சுலபத்தில் அறுபடாது, எனக்குத் தெரியும். யார் அறுத்தது? எதற்கு அறுத்தது? ஆறு கொண்டுபோய்விட்டது என்று மட்டும்தான் இதுவரை சொல்லியிருக்கிறாய். ஆற்றின் கையில் கத்தி இருந்ததா?

மலை வேண்டாம், விண்ணும் வேண்டாம். நடந்ததை எழுது. எழுத்து அழகாக இருந்தால் படிக்காமலே கிழித்துவிடுவேன்.

புஷ்பவள்ளி


மலையடிவாரம்
14 ஜூன் 2025

அக்கா,

போஸ்டரை எடுத்துவிட்டேன். வருவதாக இருந்தவர்களிடம் பயணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இனி நீ கேட்டது.

வெயில் ஏறினால் மேலே பனி உருகும். அதனால் இங்கே ஆறுகள் காலையில் குறைவாகவும் மத்தியானத்துக்கு மேல் பெருகியும் ஓடும். நாங்கள் ஆற்றங்கரைக்கு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. காலையில் கடக்கலாம் என்றார் எர்மேக். கூட வந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் விமானம் போய்விடும் என்று கோபத்தில் குதித்தார். நான் கடப்போம் என்றேன்.

எல்லோரும் கடந்துவிட்டோம். அத்தான் கடைசி. நடு ஆற்றில் அவர் குதிரைக்குக் கால் வழுக்கியது. அவர் விழுந்தார். விழுந்த இடத்தில் ஆழம் இல்லை, மார் அளவுதான். எழுந்து நின்றுவிட்டார். குதிரைதான் ஆழத்தில் மாட்டியது. அதன் கழுத்தில் கட்டிய நீலக் கயிறு அவர் கையில் இருந்தது. இங்கே ஆற்றில் விழுந்தால் உடனே கயிற்றை விட்டுவிடுவார்கள். குதிரை தானே நீந்திக் கரை ஏறிக்கொள்ளும். எர்மேக் விடச் சொல்லி அவர் மொழியில் கத்தினார். நான் நம் மொழியில் கத்தினேன், “அத்தான், விடுங்க, கயித்த விடுங்க!”

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சொன்னார், “விட்டுட்டா யாருடா பதில் சொல்றது?”

சொல்லிக்கொண்டே கயிற்றைக் கையில் இன்னொரு சுற்று சுற்றினார். பிறகு இரண்டு பேரையும் தண்ணீர் சேர்த்து இழுத்தது.

நாங்கள் கரையோடு ஓடினோம். ரொம்பத் தூரம் தள்ளிக் குதிரை மேடேறி நின்றது. பயந்த குதிரை கூடாரத்தைப் பார்த்து ஓடும், இது ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி அசையாமல் நின்றது. கயிற்றின் மறுமுனையில் அத்தான் கிடந்தார், கால் இரண்டும் தண்ணீரில். உயிர் இல்லை. அது நிற்காமல் இருந்திருந்தால் அவர் உடம்பும் கிடைத்திருக்காது. கையைத் திறக்கப் பார்த்தோம், முடியவில்லை. எர்மேக் கத்தியால் கயிற்றை அறுத்தார். குளிப்பாட்டும்போதுதான் விரல்கள் விட்டன. அந்தப் பாதிதான் உன்னிடம் இருப்பது. மறுபாதி இன்னும் குதிரையின் கழுத்தில் இருக்கிறது. எர்மேக் அதை யாரையும் அவிழ்க்க விடுவதில்லை.

எரிக்க அங்கே மரம் இல்லை அக்கா. நடந்தால் இரண்டு நாளைக்கு ஒரு குச்சி கிடையாது. கீழே கொண்டுவரலாம் என்றால் பாதை மண்சரிந்து மூடிவிட்டது. அவர்களே குளிப்பாட்டி, தங்கள் நல்ல கம்பளியில் சுற்றினார்கள்.

குதிரை யார் பக்கத்தில் போனாலும் முரண்டு பிடிக்கிறது. “மெல்ல சாயாங், மெல்ல” என்று அத்தான் குதிரைகளைச் செல்லம் கொஞ்சுவார் அல்லவா, நேற்று அதை நான் சொன்னேன். காதைத் திருப்பியது. நான் என்று தெரிந்ததும் மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

சுகு


தம்போய்
27 ஜூன் 2025

சுகு,

படித்தேன். கிழிக்கவில்லை. இது ரோலண்டிடம் கேட்டு வாங்கின புதுத் தாள்.

“விட்டுட்டா யாரு பதில் சொல்றது.” அது அவர் சொன்னதுதான். நீ இட்டுக்கட்டியிருக்க முடியாது, அவ்வளவு மூளை உனக்கு இல்லை.

கிளப்பில் ஒரு பெண் குதிரை, லாரி ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் பிடித்துவிட்டார்கள், அதற்கு ஒரு கீறல்கூட இல்லை. அங்கே இருந்த பாஸ் இவரை மைதானத்து நடுவில், வெறும் கயிற்றைக் கையில் கொடுத்து, வெயில் இறங்கும்வரை நிற்க வைத்தான். பிள்ளைகள் இவரைச் சுற்றிச் சுற்றிக் குதிரை ஓட்டிப் பழகினார்கள். “குதிரைக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நீ ஆயுசு பூரா பதில் சொன்னாலும் பத்தாது” என்றானாம். அவர் அதை வீட்டில் வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு பாசார் மாலாம் இரவுச் சந்தையில் என் கையைப் பிடித்து நடந்தால்கூட மணிக்கட்டு சிவந்துவிடும். “வலிக்குது, விடுங்க” என்பேன். “பழக்கம்லா” என்பார்.

அங்கே பதில் கேட்க யார் இருந்தார்கள்? குதிரைக்குச் சொந்தக்காரனே விடச் சொல்லிக் கத்துகிறான், இவர் விடவில்லை. மலையின் மௌனம் என்று எழுதினாயே, அந்த மௌனத்துக்குள்ளும் அந்தப் பாஸ் வந்து நின்றுவிட்டான், பார்த்தாயா? மார் அளவு தண்ணீரிலும் மனுஷன் அவனுக்குத்தான் பதில் தயார் செய்துகொண்டிருந்தார். அவன் மட்டும் இல்லை. விமானம் போய்விடும் என்று குதித்தவனும் உண்டு. ‘கடப்போம்’ என்றவனும் உண்டு. நீங்கள் ஒருத்தரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அப்படியே பழகிவிட்டீர்கள். பதில் சொல்கிறவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

சரி. பெரியவர் என் சொல்லைக் கேட்டார் அல்லவா. முன்னால் சொன்னது விஷயம் தெரியாமல் சொன்னது. இப்போது தெரிந்து சொல்கிறேன். அறுக்கக் கூடாது. என் புருஷன் உயிரைக் கொடுத்துப் பிடித்து வைத்ததை ஊர் சேர்ந்து தின்பதா? அவர்கள் மரியாதைக்குத்தான் செய்கிறார்கள், உன்னைவிட ஆயிரம் மடங்கு நல்லவர்கள். ஆனாலும் கூடாது. ஆட்டை அறுக்கட்டும். பெரியவருக்குக் கோபம் வந்தால் வரட்டும், நான் நேரில் பேசிக்கொள்கிறேன். அவரும் கயிற்றை அவிழ்க்காத ஆள்தானே, புரியும்.

ஆமாம், வருகிறேன். உடனே இளிக்காதே. உன்னை மன்னிக்கவில்லை. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடிக்க வந்தால் எல்லோருக்கும் முன்னால் அறைவேன். ஐலீன் ஒரு கம்பளி உடுப்பு கொடுத்திருக்கிறாள், பச்சை. போட்டுப் பார்த்தேன், வெண்டைக்காய் மாதிரி இருக்கிறேன். அந்த மத்தி டின்னை எடுத்து வைத்திருக்கிறேன். அங்கே போய்த் திறந்து சம்பல் போட்டு அவருக்குப் படைப்பேன். போட்டோவில் மாலையை எடுத்துவிட்டேன். காது தெரிகிறது, தெரியட்டும்.

இப்போது உன் வேலையைச் சொல்கிறேன். என்னிடம் இருக்கும் பாதிக் கயிற்றைக் கொண்டுவருகிறேன். குதிரைக் கழுத்தில் இருக்கிற பாதியோடு அதை நீ முடிச்சுப் போடு. விருந்தோடு வருஷம் முடிந்துவிடும், அப்புறம் அதில் ஏறத் தடை இல்லை அல்லவா. மறுநாள் நான் ஏறுவேன். எனக்கும் கெட்ட குணம், அதற்கும் கெட்ட குணம், நாங்கள் ஒத்துப்போவோம். நீ ஏறக் கூடாது. அவர் இருக்கும் இடம்வரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வா. இரண்டு நாள் ஆகட்டும், நாலு நாள் ஆகட்டும். உன் அத்தான் முப்பது வருஷம் நடந்தார். கல் குத்துகிறது, கால் வலிக்கிறது என்று ஒரு சத்தம் வரக் கூடாது. வழியில் மலையைப் பற்றி அழகாக ஏதாவது சொன்னாயோ, குதிரையை உன்மேல் ஏற்றிவிடுவேன். கையைத் தளர்த்தினாலும் அப்படித்தான். பிடி எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், என் மணிக்கட்டுக்குத் தெரியும்.

அந்த ஆறு வந்தால் மட்டும் விட்டுவிடு. யார் கேட்டாலும் பதில் நான் சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா